கூப்பிடு தூரம்

என் அண்ணன் கபாசோவைப் புதைத்து மூன்று மாதம் இருக்கும். அப்பா அம்மா இருக்கும் சுரங்க ஊரான கிட்வேக்கு நான் வந்திருந்த ஒரு சனிக்கிழமை, அப்பா வாசலில் நின்றபடி, யாரிடமோ சண்டைக்குப் போகிறவர் மாதிரி சொன்னார்: "லோம்பே, என்னை அந்தக் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் ஆயத் தொடங்கினாள்.

இந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து வரவழைக்க அண்ணன் படாத பாடு பட்டான். அப்பா சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடுகிறவராக இருந்தவர். வாலிபம் முழுக்க அந்த இயந்திரத்தைத் தோளில் தாங்கியவர். வெளியே வந்தபோது காதில் பாதி பூமிக்கடியிலேயே தங்கிவிட்டது. சத்தம் கேட்கும், வார்த்தை பிடிபடாது. "செருப்பு எங்கப்பா?" என்று அண்ணன் கேட்டால், "நெருப்பா? எங்க?" என்று வாளியோடு எழுந்து ஓடுவார். அண்ணன் அதை நடித்துக் காட்டுவான். தெருவே சிரிக்கும், அப்பாவும் சிரிப்பார். ஆனால் காது மெஷின் என்ற பேச்சை எடுத்தால் மட்டும் முகம் இறுகிவிடும்.

"காதுக்குப் பின்னால நத்தையைத் தொங்கவிட்டுக்கிட்டு அலையணுமா? எனக்குக் கேக்க வேண்டியது கேக்குது."

அண்ணன் ஒருமுறை அவரை பக்கத்து நகரம் எண்டோலாவில் இருக்கிற பெரிய மருத்துவமனை வரைக்கும் கூட்டிப் போனான். வரிசையில் உட்கார்ந்திருந்தவர், மூத்திரம் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்து போய் நேரே பஸ் ஏறிவிட்டார். இன்னொருமுறை டாக்டர் அறை வாசல் வரை வந்தார். உள்ளே இருந்து ஒரு கிழவர் காதில் அந்தச் சாமானோடு வெளியே வந்ததைப் பார்த்தார், திரும்பி நடந்தார். அண்ணன் கோபமாக வந்து அம்மாவிடம் சொன்னான்: "இனிமே நான் கூப்பிட மாட்டேன். அவரா வந்தா வரட்டும்."

அதனால் எங்கள் வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட வேண்டுமானால் நாலு வீட்டுக்குக் கேட்கும்படி கூப்பிட வேண்டும். அக்கம்பக்கத்தில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. அப்பா பெயர் சிசங்கா. சிசங்கா வீடு, கத்துவார்கள், அவ்வளவுதான்.

குழாயில் தண்ணீர் வருவது நின்று வெகுநாளாகியிருந்தது. வீட்டுக்குப் பின்னால், கொய்யா மரத்தைத் தாண்டி, அண்ணன் கிணறு வெட்டிக்கொண்டிருந்தான். மினிபஸ் ஓட்டுகிறவன். வண்டி இல்லாத நாட்களில் மண்வெட்டியோடு இறங்கிவிடுவான். மழைக்காலம் முடிந்த கையோடு மண் இன்னும் ஈரமாக இருந்தது. பக்கவாட்டில் பலகை கொடுக்காமல் ஆழமாக இறங்காதே என்று அப்பா சொல்லியிருந்தார். நாளைக்குப் பலகை வருகிறது என்று அண்ணன் சொல்லியிருந்தான். கிணறு சரிந்த அன்று அம்மா சந்தையில் காப்பெண்டா மீன் விற்கப் போயிருந்தாள். அப்பா வீட்டின் முன்பக்கம் உட்கார்ந்து நாற்காலி ஒன்றுக்குப் பிளாஸ்டிக் நாடா பின்னிக்கொண்டிருந்தார்.

முதல் சரிவில் மண் அண்ணனின் மார்பு வரைதான் வந்திருந்தது. அவன் கூப்பிட்டிருக்கிறான். எங்களுக்கு இது எப்படித் தெரியும் என்றால், பின்வீட்டு அம்மா கேட்டிருக்கிறாள். "அப்பா! அப்பா!" என்று வெகுநேரம் சத்தம் வந்தது என்றாள். சிசங்கா வீட்டில் எப்போதும் வருகிற சத்தம்தானே என்று துணி துவைத்துக்கொண்டே இருந்துவிட்டாளாம். சத்தம் நின்ற பிறகுதான் ஏதோ உறுத்தி வேலியோரம் எட்டிப் பார்த்திருக்கிறாள். அதற்குள் இரண்டாவது சரிவும் விழுந்துவிட்டது. அவள் ஓடி வந்து அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தபோது, நாற்காலியின் முதுகைப் பின்னி முடித்து, உட்காரும் பகுதியை அவர் ஆரம்பித்திருந்தார்.

சாவு வீட்டில் அந்த அம்மா எங்கள் அம்மா காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மா அவளைத் தூக்கி நிறுத்தி, "உன் மேல தப்பில்ல" என்றாள். யார் மேலும் தப்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். பாதிரியார் சொன்னார். மாமா சொன்னார். கிணற்றை மூடி மண்ணை மிதித்துச் சமமாக்கினார்கள்.

*

நான் எண்டோலாவில்தான் ஆசிரியையாக இருக்கிறேன். பஸ் நிறுத்தத்தில் அப்பாவை எதிர்கொண்டு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். இந்த முறை அவர் வரிசையில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

காது டாக்டர் சின்ன வயதுப் பெண். பெயர் ஜெரே. பெயரைக் கேட்டதுமே ங்கோனி இனத்தவள் என்று தெரிந்துவிட்டது. எங்கள் பெம்பா ஆட்களும் அவர்களும் கண்ட இடத்தில் கேலி பேசாவிட்டால்தான் மரியாதைக் குறைவு. பல நாளாக வாயே திறக்காத அப்பா அன்று பழக்கதோஷத்தில் திறந்தார்.

"எலி தின்னுற ஊர்ப் பொண்ணா என் காதுல கை வைக்கப் போகுது?"

ஜெரே அவர் காதருகே குனிந்து, ஒவ்வொரு சொல்லாக விட்டுச் சொன்னாள்: "குரங்கு தின்னுறவங்களுக்குக் காது இவ்வளவு சின்னதாவா இருக்கும்? நான் பெரிசா எதிர்பார்த்தேன், சிசங்கா ஐயா."

அப்பாவின் உதடு ஓரம் அசைந்தது. அண்ணன் போன பிறகு நான் அதை அப்போதுதான் பார்த்தேன்.

ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கீச்சொலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னாள். கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கட்டைவிரல் அசையாமலே இருந்தது. பிறகு இரண்டு காதுக்குள்ளும் ரோஜா நிறப் பசையை ஊற்றி அச்சு எடுத்தாள். மெஷின் வந்ததும் இன்னொரு நாள் வரச் சொன்னாள். சுரங்கத் தொழிலாளர் நிதியிலிருந்து அது வந்து சேர இரண்டு மாதம் ஆனது.

மாட்டிய அன்று ஜெரே லேப்டாப்பில் ஏதோ தட்டிவிட்டு, "இப்ப?" என்றாள். அப்பா திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரோ டப்பாவுக்குள்ள இருந்து பேசுறாங்க" என்றார். சொன்னவர் தன் குரலைக் கேட்டே மிரண்டு போனார். "இது யாரு? நானா?"

"நீங்கதான். கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். மூளை மறந்து போச்சு, திரும்பப் பழகணும். இப்போ வேணும்னே கம்மியா வெச்சிருக்கேன். ஒரேயடியா ஏத்தினா கழட்டி வீசிடுவீங்க. போகப் போக ஏத்துவோம்." ஜெரே நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். "சொல்லுங்க ஐயா, உங்களுக்கு முக்கியமா என்ன கேக்கணும்? சர்ச்சுல பிரசங்கமா, ரேடியோவா, பேரப் பிள்ளைங்க பேச்சா? அதுக்குத் தகுந்த மாதிரி வெக்கிறேன்."

அப்பா யோசிக்கவே இல்லை.

"வீட்டுக்குப் பின்னால இருந்து ஒருத்தர் கூப்பிட்டா, முன்னால இருக்கிறவனுக்குக் கேக்குமா?"

"எவ்வளவு தூரம்?"

"கூப்பிடு தூரம்தான்."

"கேக்கணும்."

"பள்ளத்துக்குள்ள இருந்து கூப்பிட்டா?"

ஜெரே என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல், பேட்டரி மாற்றும் விதத்தைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள்.

*

அந்த வாரம் முழுக்க அப்பா மிரண்ட ஆடு மாதிரி இருந்தார் என்று அம்மா போனில் சொன்னாள். வாளியில் தண்ணீர் ஊற்றினால் துள்ளுகிறார். ரொட்டிக் கவரைக் கசக்கினால் காதைப் பொத்துகிறார். தன் செருப்புச் சத்தத்துக்குத் தானே நின்று பின்னால் பார்க்கிறார். சோளக் களியை மெல்லும்போது மெஷின் கூவுகிறது, அதனால் தாடையை அசைக்காமல் விழுங்குகிறார். தகரப் பாத்திரத்தில் கரண்டி பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது.

"கழட்டி வெச்சிட்டுச் சாப்பிடுங்கன்னு சொன்னா கேக்க மாட்டேங்குறாரு. முன்னாடி இந்த மனுசன் காதைத் திறக்க வெக்க முடியல. இப்ப மூட வெக்க முடியல" என்றாள்.

சொல்லும்போது மெதுவாகத்தான் பேசினாள். எங்கள் வீட்டில் யாரும் இப்போது கத்துவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா எதையும் தோளைத் தொட்டுத்தான் சொன்னாள். அண்ணன் செத்த நாளிலிருந்தே அப்படித்தான். அவள் வாயிலிருந்து பலத்த சத்தம் ஒன்று வந்து நான் கேட்கவே இல்லை. ஒப்பாரி வைத்தபோதுகூட துணியின் முனையை வாயில் அடைத்துக்கொண்டுதான் அழுதாள்.

இரண்டாம் தடவை ஜெரே கொஞ்சம் ஏற்றினாள். மூன்றாம் தடவை இன்னும் கொஞ்சம். காது அச்சு உரசி இடது காதின் உட்புறம் புண்ணாகியிருந்தது; அச்சைத் தேய்த்துச் சரி செய்தாள். "மினிபஸ்ல எல்லாம் ஒரே இரைச்சலா?" "ஆமா." "அது எல்லாருக்கும் அப்படித்தான், ஐயா. எனக்கும்தான்." அப்பா பதில் சொல்வார், பிறகு விடாமல் அதே கேள்விக்கு வருவார். பின்பக்கம். பள்ளம். கூப்பிடு தூரம்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா என்னிடம் சொன்னார்: "லோம்பே, நீ போய் அந்த இடத்துல நின்னு கூப்பிடு. நான் முன்னால உக்காந்திருக்கேன்."

எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

"எதுக்குப்பா இதெல்லாம்?"

"தெரிஞ்சுக்கணும்."

"தெரிஞ்சு?"

அப்போது அம்மா தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "அவ வேணாம். நான் போறேன்" என்றாள்.

அப்பா முன்பக்கம் போய் உட்கார்ந்தார். நான் அடுப்படி ஜன்னலில் நின்றேன். அம்மா கொய்யா மரத்தைத் தாண்டிப் போனாள். அந்த இடத்தில் மண் இன்னும் வேறு நிறமாகத்தான் இருந்தது, புல் முளைக்கவில்லை. அதன் ஓரத்தில் நின்றாள். இடுப்பில் சுற்றியிருந்த சித்தெங்கே துணியின் முனையை இரண்டு கையாலும் முறுக்கினாள். வாயைத் திறக்கவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றி நடந்து முன்பக்கம் போனாள். நானும் உள்வழியாகப் போனேன்.

"கேட்டுச்சா?" என்றாள் அம்மா.

"நீ கூப்பிட்டியா?"

"எத்தனை தடவ கூப்பிட்டேன்! தொண்டையே போச்சு."

அப்பா அவளையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "ஒண்ணும் கேக்கல."

"பாத்தீங்களா?" அம்மாவின் குரல் நடுங்கியது. "மெஷின் போட்டும் கேக்கல. அன்னிக்கு இது இருந்திருந்தாலும் கேட்டிருக்காது. விடுங்க. இதோட விட்டுடுங்க."

"ம். விட்டுட்டேன்" என்றார் அப்பா.

அன்று மாலை அம்மா அவருக்குப் பிடித்த மாதிரி நிலக்கடலை அரைத்துவிட்டுக் கீரை செய்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். அம்மா பொய் சொன்னதை நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். நல்ல பொய் என்றே நினைத்தேன்.

*

அடுத்த முறை மருத்துவமனையில் ஜெரே வழக்கம்போல, "எல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டபோது, அந்தப் பொய்க்கு நானும் ஒரு கை கொடுத்தேன். "பின்பக்கம் இருந்து கூப்பிட்டா மட்டும் கேக்கலையாம்" என்றேன்.

ஜெரே புருவத்தைச் சுருக்கினாள். "கேக்கணுமே. இந்த அளவுக்கு வெச்சா அந்தத் தூரம் ஒண்ணுமே இல்லையே." லேப்டாப் பக்கம் திரும்பினாள். "சரி, இன்னும் கொஞ்சம் ஏத்திப் பாப்போம்."

"ஏத்தாத" என்றார் அப்பா.

"ஏன் ஐயா?"

"எனக்குக் கேட்டுச்சு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்தபடி பேசினார்.

"கபாசோ அம்மா செருப்பு இழுத்துக்கிட்டுப் போனது கேட்டுச்சு. கொய்யா மரத்துக்குக் கீழ சருகு மிதிபட்டது கேட்டுச்சு. அப்புறம் அழுதா. மூக்கை உறிஞ்சினா. அதுவும் கேட்டுச்சு. அவ கூப்பிடவே இல்ல. வந்து கூப்பிட்டேன்னு சொன்னா."

ஜெரேயின் விரல்கள் விசைமேல் அப்படியே நின்றுவிட்டன.

"அப்ப ஏம்ப்பா கேக்கலன்னு சொன்னீங்க?" என்றேன்.

"அதுக்குத்தானேம்மா அவ வாயைத் திறக்காம நின்னா."

ஜெரேக்கு எங்கள் கதை அதற்குள் தெரிந்திருந்தது. ஒருநாள் தாழ்வாரத்தில் வைத்து நான்தான் சொல்லியிருந்தேன். அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். கேலியெல்லாம் அவள் முகத்திலிருந்து போயிருந்தது.

"ஐயா, மண்ணு மாரை அழுத்திட்டிருந்தா குரல் பெரிசா வந்திருக்காது. மூச்சே பாதிதான் இருக்கும். நல்ல காது உள்ளவங்களுக்கே கேட்டிருக்குமோ என்னவோ..."

"பின்வீட்டு அம்மாவுக்குக் கேட்டுச்சே."

ஜெரே நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினாள். அப்பா அவள் சங்கடத்தைப் பார்த்து, "உன்னைக் குத்தம் சொல்லலம்மா. நீ நல்லாத்தான் வெச்சிருக்க. இதே அளவுல விட்டுடு" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் அவரை ஏற்றிவிடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அம்மாகிட்ட சொல்லாத. அவ நிம்மதியா இருக்கா."

அவர்கள் இருவரும் சில மாதம் அப்படியே வாழ்ந்தார்கள். அவள் சொன்ன பொய்யை அவர் நம்பியது போல நடந்துகொண்டார், அவர் நம்பிவிட்டார் என்று அவள் நம்பினாள். வீட்டுக்கு வருகிற சர்ச் பெண்களிடம் அம்மா, "மெஷின் போட்டும் கேக்கல, நானே கூப்பிட்டுப் பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவார். அவர் மெலிந்துகொண்டே போனார். கழுத்தில் சட்டைக் காலர் தனியாக நின்றது.

*

அது உடைந்தது ஒரு அற்ப விஷயத்தில்.

சர்ச்சிலிருந்து வந்து வெள்ளைச் சட்டைகளை அலசி, அம்மா பின்பக்கக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கொடியின் ஒரு முனை கொய்யா மரத்தில், மறுமுனை அந்த மண்ணுக்கு அந்தப் பக்கம் நட்ட கம்பத்தில். அப்பா முன்பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் பள்ளிப் பிள்ளைகளின் விடைத்தாளோடு நடுக்கூடத்தில் இருந்தேன். இரண்டு பக்கக் கதவும் திறந்திருந்தது.

"இந்தக் கிளிப்பை எங்க வெச்சேன்..." என்று அம்மா தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

"ஜன்னல் கட்டைமேல இருக்கு" என்றார் அப்பா, முன்பக்கத்திலிருந்து.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். நாற்காலி கிறீச்சிட்டது.

பிறகு அம்மா ஈரச் சட்டையைக் கையில் பிடித்தபடியே வீட்டைச் சுற்றி வந்தாள். தண்ணீர் வழி நெடுகச் சொட்டியது. நான் வாசலுக்கு வந்தேன்.

"நான் பேசுனது கேட்டுச்சா?" என்றாள்.

அப்பா எழுந்து நின்றார்.

"நான் வாய்க்குள்ள பேசினேன். கூப்பிடக்கூட இல்ல. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்ப அன்னிக்கு நான் அங்க நின்னது..."

"தெரியும். நீ கூப்பிடல. அழுத."

அம்மாவின் கையிலிருந்து சட்டை நழுவி மண்ணில் விழுந்தது. "அப்படின்னா இது இருந்திருந்தா அவன் கூப்பிட்டதும் கேட்டிருக்கும்."

அப்பா குனிந்து சட்டையை எடுக்கப் போனார்.

"சொல்லுங்க. கேட்டிருக்குமா கேட்டிருக்காதா?"

"கேட்டிருக்கும்" என்றார் அப்பா.

அம்மாவிடமிருந்து வந்த சத்தத்தை நான் எப்படிச் சொல்வது? ஒரு வருடமாக அடைத்து வைத்திருந்தது. அவள் இரண்டு கையாலும் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். வாழ்நாள் முழுக்க 'நீங்க' என்று பேசியவள், அன்று 'நீ' என்றாள்.

"எத்தனை தடவ சொன்னான்! கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனானே, பஸ் ஏறி ஓடி வந்தியே! நத்தையாம், நத்தை! உன் வீம்புக்கு என் பிள்ளைய மண்ணுல வெச்சியே! உன்னைத்தான்யா கூப்பிட்டான். என்னை இல்ல. நான் சந்தையில இருக்கேன்னு அவனுக்குத் தெரியும். அப்பா இருக்காரு, வந்துடுவாருன்னு நம்பித்தான்யா கூப்பிட்டான். கடைசி வரைக்கும் நம்பியிருப்பான்!"

அவர் மார்பில் தலையால் முட்டினாள். அவள் தலை காதருகே வரும்போதெல்லாம் மெஷின் கூவியது. அந்தக் கூவலும் அவள் அழுகையும் ஒன்றாகக் கலந்து தெரு முழுக்கக் கேட்டது. பின்வீட்டு அம்மா வேலிக்கு ஓடி வந்து நின்றாள், உள்ளே வரத் துணியவில்லை. நான் போய் அப்பாவின் காதிலிருந்து மெஷினைக் கழற்றக் கையை நீட்டினேன். அவருக்கு வலித்திருக்கும். பக்கத்தில் நின்ற எனக்கே காது வலித்தது.

அப்பா என் கையைப் பிடித்துத் தள்ளினார். "விடு. அவ பேசட்டும்."

அம்மா பேசினாள். குரல் கம்மும் வரை பேசினாள். பிறகு அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் இப்போது மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். கபாசோ பிறந்த அன்று மழை பெய்தது, நீங்கள் ஷிப்டில் இருந்தீர்கள். கபாசோவுக்கு முதல் பல் எந்தப் பக்கம் வந்தது. கபாசோ முதன்முதலில் மினிபஸ் ஓட்டிக்கொண்டு வந்து ஹாரன் அடித்தபோது உங்களுக்குக் கேட்கவில்லை, நான்தான் தோளைத் தட்டிச் சொன்னேன். அப்பா ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். அவர் கன்னம் நனைந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. வெயில் சாய்ந்தது. நான் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். களி கிண்டி எடுத்து வந்தபோதும் அவர்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அன்று யாரும் சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து அம்மா அண்ணனின் அறையில் படுத்துக்கொண்டாள். அப்பாவுக்குச் சாப்பாடு வைத்தாள், சட்டை துவைத்துப் போட்டாள், பேச்சு மட்டும் இல்லை. நான் ஒவ்வொரு வாரமும் போய் வந்தேன். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருப்பேன். மாமா வந்து சமாதானம் பேசினார். அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பி வைத்தாள். அப்பா யாரையும் சமாதானம் பேசக் கூப்பிடவில்லை. காலையில் எழுந்ததும் மெஷினைத் துடைத்து மாட்டிக்கொள்வார். அவள் எப்போது பேசினாலும் கேட்க வேண்டும் என்பது போல, படுக்கப் போகும்வரை கழற்ற மாட்டார்.

மழை தொடங்கிய பிறகு ஒருநாள், கூரை ஒழுகுகிறது என்று சொல்ல வேண்டியிருந்ததால் அம்மா பேசினாள். பிறகு உப்பு தீர்ந்துவிட்டதென்று. பிறகு சந்தையில் இன்றைக்கு வியாபாரம் இல்லையென்று. மன்னித்துவிட்டேன் என்று அவள் ஒருபோதும் சொல்லவில்லை. அப்பா கேட்கவும் இல்லை. சர்ச் பெண்களிடம் அந்தப் பழைய கதையைச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாள். "கேட்டிருக்கும்" என்று ஒருத்தியிடம் நேராகவே சொன்னாளாம். அந்தப் பெண் எனக்குப் போன் செய்து கவலைப்பட்டாள். ஆமாம், கேட்டிருக்கும் என்றேன் நான்.

அண்ணன் கல்லறைக்குக் கல் நட்ட பிறகு, அடுத்த மருத்துவமனை நாளில், அம்மாவும் பஸ்ஸில் கூட வந்து இறங்கினாள். ஏன் வந்தாள் என்று நான் கேட்கவில்லை. ஜெரே எழுந்து, இரண்டு கையையும் தட்டி மரியாதையாக வணக்கம் சொன்னாள். அப்பாவின் காதைப் பார்த்தாள், புது அச்சு பொருந்துகிறதா என்று அழுத்திப் பார்த்தாள்.

"வீட்டுல அதிகமா யார் குரல் கேக்கணுமோ அதை வெச்சுத்தான் சரி பண்ண முடியும். இதுவரைக்கும் பொண்ணுதான் பேசுச்சு" என்று அம்மாவிடம் சொன்னாள். "நீங்க ஏதாவது பேசுங்கம்மா. அவருக்குப் பின்னால நின்னு. சாதாரணமா."

அம்மா அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். கைப்பையை மாற்றிப் பிடித்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நான் எதையாவது எடுத்துக் கொடுக்கலாமா என்று நினைத்தேன்.

"இவரு பஸ்ல இருந்து ஒண்ணுமே சாப்பிடல" என்றாள் கடைசியில், மெல்லிய குரலில், யாரிடமோ புகார் சொல்வது போல.

"பசிக்கல" என்றார் அப்பா, திரும்பாமலே.

"வாழைப்பழம் இருக்கு."

"அப்புறம் திங்கிறேன்."

ஜெரே லேப்டாப்பில் ஏதோ ஒன்றை ஒரு புள்ளி குறைத்தாள். பிறகு இன்னும் பேசச் சொன்னாள்.